7 செல் ஹைட்ரஜன் ஸ்டாக்: கேஸ் விட்டு விட்டு வருது, பபுளர்ல நுரை ஏறுது, பைப் லைன்ல என்ன கோளாறு?

எட்டாவதுபிளேட்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் கேள்வி கேக்குற நிலைமை வந்திருக்கு. தண்ணிய கரண்ட்ல ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிக்கிற ஸ்டாக் (தகடுங்கள அடுக்கி இறுக்குனது) ஒண்ணு செஞ்சிருக்கேன். 316எல் ஸ்டெயின்லெஸ் தகடு 8, நடுவுல 3 மிமீ இபிடிஎம் ரப்பர் கேஸ்கெட், ரெண்டு பக்கமும் தடியான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் எண்ட் பிளேட். ஒரு ஓரம் பிளஸ், இன்னொரு ஓரம் மைனஸ், நடுவுல வயர் மாட்டாத 6 நியூட்ரல் பிளேட், ஆக மொத்தம் 7 செல். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (காரம்) கரைசல், 13.8 வோல்ட் சப்ளை, 10 ஆம்பியர்ல லிமிட் வச்சிருக்கேன்.

பைப்பிங் இப்படி: எல்லா பிளேட்லயும் கீழ ஒரு 10 மிமீ ஓட்டை, மேல ஒரு 10 மிமீ ஓட்டை, எல்லாம் ஒரே நேர்ல. பக்கத்துல ஒரு டேங்க், மூடில காத்துக்கு ஓட்டை இருக்கு, அது ஸ்டாக்கோட கீழ் ஓட்டைக்கு ஹோஸ்ல போகுது. மேல் ஓட்டைல இருந்து 8 மிமீ ஹோஸ் நேரா பபுளருக்கு (தண்ணி ஊத்துன பாட்டில், கேஸ் அதுக்குள்ள குமிழியா போகும், நெருப்பு திரும்புனா தண்ணி தடுக்கும்). பபுளர்ல குழாய் 8 செமீ தண்ணிக்குள்ள முங்கி இருக்கு.

பிரச்சனை என்னன்னா, கேஸ் சீரா வரல, குபுக் குபுக்னு கொஞ்சம் வருது அப்புறம் நிக்குது, கரண்ட் 10ல இருந்து 6க்கு இறங்குது திரும்ப ஏறுது, கூடவே நுரை நுரையா கரைசலும் ஹோஸ்ல ஏறி பபுளருக்கு போயிடுது, போகப் போக டேங்க்ல தண்ணி மட்டம் ஏறிக்கிட்டே வருது அதுதான் எனக்கு சுத்தமா புரியல. தண்ணி செலவாகி இறங்கத்தானே செய்யணும்?

வோல்ட்மீட்டர்
ஸ்டாக் நல்லா இருக்கு ப்ரோ, பைப்தான் தப்பு. டேங்க்ல மட்டம் ஏறுதுன்னு சொன்னீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு.

பபுளர்ல 8 செமீ ஆழம்னா அந்த 8 செமீ தண்ணிய தள்ளிட்டுதான் கேஸ் வெளிய வரணும். அப்ப ஸ்டாக்குக்குள்ள மேல் பக்கம் 8 செமீ தண்ணி அளவுக்கு அழுத்தம் நிக்குது. உங்க டேங்க்கோ காத்துக்கு தொறந்து கிடக்கு, அங்க அழுத்தம் ஒண்ணும் இல்ல. கேஸ் என்ன பண்ணும், ஸ்டாக்ல இருக்குற கரைசலை கீழ் ஓட்டை வழியா டேங்குக்கு தள்ளிடும். கரைசல் தண்ணிய விட கொஞ்சம் கனம்ங்கிறதால 7 செமீ சொச்சம் மட்ட வித்தியாசம் வரும். உங்க பிளேட் எவ்ளோ உயரம்? 15 செமீனா கிட்டத்தட்ட பாதி பிளேட் காஞ்சு போய் நிக்குது. நனைஞ்ச பரப்பு குறைஞ்சா கரண்ட் குறையும், கேஸ் குறையும், அழுத்தம் கொஞ்சம் இறங்கும், கரைசல் திரும்ப உள்ள வரும், மறுபடி கேஸ் ஏறும். குபுக் குபுக்னு வர்றது இதுதான்.

எட்டாவதுபிளேட்
பிளேட் 15 செமீயேதான்!! எப்படி கண்டுபிடிச்சீங்க

வோல்ட்மீட்டர்
வீட்ல செய்றவங்க முக்கால்வாசி பேர் அந்த சைஸ்தான் வெட்டுறாங்க, அவ்ளோதான் ரகசியம் 😀

குமிழி
வோல்ட்மீட்டர் சொன்னது சரி, அதோட இன்னொண்ணு. பிளேட் பாதி காஞ்சு இருக்கும்போது மேல முழுக்க ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த கலவை, அதுல கரண்ட் ஓடுற உலோகம். இந்தக் கலவை பத்திக்க 0.02 மில்லிஜூல் போதும், கையால தொட்டா சுருக்னு வர்ற ஸ்டேட்டிக் பொறியே அதை விட பல மடங்கு. அதனால பிளேட் எப்பவும் முங்கித்தான் இருக்கணும்னு சொல்றது கேஸ் நிறைய வரணும்னு மட்டும் இல்ல.

பைப்பிங் எப்படி இருக்கணும்னா:

டேங்க் ஸ்டாக்குக்கு மேல. பக்கத்துல இல்ல, மேல. டேங்க் அடில இருந்து ஒரு ஹோஸ் இறங்கி ஸ்டாக்கோட கீழ் ஓட்டைக்கு. ஸ்டாக்கோட மேல் ஓட்டைல இருந்து இன்னொரு ஹோஸ் ஏறி அதே டேங்க்கோட மேல் பக்கம், தண்ணி மட்டத்துக்கு மேல போய் தொறக்கணும். மூடி இறுக்கமா, காத்து ஓட்டை கிடையாது. மூடில இருந்து மூணாவது ஹோஸ், அது மட்டும்தான் பபுளருக்கு போகும்.

இப்ப பாருங்க, டேங்குக்கு மேல இருக்குற அழுத்தமும் ஸ்டாக் மேல இருக்குற அழுத்தமும் ஒண்ணுதான், ஒரே கேஸ் இடம். அப்ப பபுளர் 8 செமீயா இருந்தாலும் 20 செமீயா இருந்தாலும் ஸ்டாக்ல மட்டம் இறங்கவே இறங்காது. கேஸ் நுரையோட ஏறி டேங்க்ல கொட்டும், அங்க கரைசல் கீழ விழுந்துடும், கேஸ் மட்டும் மூடி வழியா போகும். நுரை லேசா இருக்குறதால அது ஏறுற ஹோஸ்ல எடை கம்மி, இறங்குற ஹோஸ்ல முழு கரைசல் நிக்குது எடை ஜாஸ்தி, அந்த வித்தியாசத்துலயே பம்ப் இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும். சூடும் டேங்க்ல வந்து ஆறும்.

ஸ்டெயின்லெஸ்
+1 குமிழி. ரிட்டர்ன் ஹோஸ் பத்தி மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கிறேன், எல்லாரும் அங்கதான் கோட்டை விடுறாங்க.

ரிட்டர்ன் ஹோஸ் கீழ வர்ற ஹோஸை விட பெருசா இருக்கணும். கீழ 8 மிமீ உள் விட்டம்னா மேல 12 இல்ல 13. கேஸும் கரைசலும் சேர்ந்து போற குழாய் அது, சின்னதா போட்டா கேஸ் ஒரு கட்டி கரைசல் ஒரு கட்டின்னு மாறி மாறி துப்பும். முக்கியமா எங்கயும் தொங்கக் கூடாது. ஸ்டாக்ல இருந்து டேங்க் வரைக்கும் ஏறிக்கிட்டே போகணும், நடுவுல ஒரு வளைவு இறங்கி ஏறுச்சுன்னா அந்த பள்ளத்துல கரைசல் தேங்கி நிக்கும், கேஸ் அதை முட்டி முட்டி தள்ளும். டேங்க்ல இருந்து பபுளர் போற ஹோஸ்லயும் இதே கதை, அங்க நீராவி குளிர்ந்து தண்ணியா மாறி பள்ளத்துல தேங்கும்.

எல்போ கூட 90 டிகிரி நெருக்கமா மூணு நாலு போடாதீங்க. நாசில்ல (ஹோஸ் மாட்டுற முனை) உள் ஓட்டை எவ்ளோன்னு பாருங்க, 12 மிமீ ஹோஸுக்கு வாங்குற நாசில்ல உள்ள ஓட்டை 8 தான் இருக்கும், அப்ப உங்க பைப் 8 மிமீதான்.

சும்மாபாக்கவந்தவன்
இதை பைக்ல மாட்டுனா மைலேஜ் எவ்ளோ ஏறும் நண்பர்களே?

வோல்ட்மீட்டர்
ஏறாது. எஞ்சின் சுத்தி ஆல்டர்னேட்டர் சுத்தி கரண்ட் வந்து தண்ணி பிரிஞ்சு அந்த கேஸ் திரும்ப எஞ்சின்ல எரியுது, ஒவ்வொரு படிலயும் நஷ்டம். தண்ணில ஓடுற கார்னு சொன்ன ஸ்டான்லி மேயர் மேல முதலீட்டாளர்கள் வழக்கு போட்டு 1996ல ஒஹையோ கோர்ட் அது மோசடின்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இந்த இழைல பைப்பிங் மட்டும் பேசலாம் ப்ளீஸ்.

எட்டாவதுபிளேட்
நன்றி நன்றி. எனக்கு பைக்ல எல்லாம் மாட்டுற எண்ணம் இல்ல, சின்ன டார்ச் ஒண்ணு, கண்ணாடிக் குழாய் உருக்கி மூடுறதுக்கு. இப்ப வேற கேள்வி. 10 ஆம்பியர்ல எவ்ளோ கேஸ் வரணும்? நான் அளந்தப்ப நிமிஷத்துக்கு 0.6 லிட்டர் தான் வந்துச்சு.

வோல்ட்மீட்டர்
ஃபாரடே கணக்கு, அதாவது எவ்ளோ கரண்ட்டுக்கு எவ்ளோ கேஸ்னு. ஒரு செல்லுல ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா 0 டிகிரி கணக்குல 0.418 லிட்டர் ஹைட்ரஜன், 0.209 லிட்டர் ஆக்சிஜன், மொத்தம் 0.627. உங்களுக்கு 7 செல் 10 ஆம்பியர், 70 ஆல பெருக்குனா மணிக்கு 43.9 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 0.73. 25 டிகிரி வெப்பத்துல கேஸ் விரியும், அப்ப சுமார் 0.8. நீங்க 0.6 வாங்குறீங்கன்னா நாலுல ஒரு பங்கு எங்கயோ போகுது.

எப்படி அளந்தீங்க? பெரிய பாட்டில்ல பிடிக்காதீங்க. 100 மில்லி அளவு ஜாடி கவுத்து வச்சு நேரம் பாத்தா போதும், வெட்டவெளில. 1 லிட்டர் கலவைல சுமார் 7 கிலோஜூல் இருக்கு, அது மொத்தமா ஒரே நொடில வந்தா காது போயிடும்.

கெமிஸ்ட்ரிலேப்
இன்னொரு விஷயம், பபுளர் தாண்டி ஆறுன பிறகு அளக்கணும். சூடான ஸ்டாக்ல இருந்து நேரா அளந்தா அதுல நீராவியும் சேர்ந்து வரும். 60 டிகிரில நீராவி அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது அளக்குற கேஸ்ல அஞ்சுல ஒரு பங்கு வெறும் ஆவி. ஃபாரடே கணக்கை தாண்டி 115 சதவீதம் எடுத்தேன்னு வீடியோ போடுறவங்க நிறைய பேர் அளக்குறது இந்த ஆவியத்தான்.

குமிழி
அந்த காணாம போன கேஸ் எங்கன்னு நான் சொல்றேன். எல்லா ஓட்டையும் ஒரே நேர்ல, அதுவும் கீழயும் 10 மிமீ. கரண்ட் பிளேட் பிளேட்டா தாண்டிப் போகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லையே, ஓட்டை வழியா கரைசல்லயே நேரா குறுக்க போயிடும். நடுவுல இருக்குற பிளேட்ட அப்படியே பைபாஸ் பண்ணிடுது. அப்படி போற கரண்ட் பல செல்ல தாண்டிப் போயி கேஸ் தராது, சூடு மட்டும் தரும்.

மல்டிமீட்டர் எடுத்து ஓடும்போது ஒவ்வொரு செல்லுக்கும், அதாவது பக்கத்து பக்கத்து பிளேட்டுக்கு நடுவுல வோல்டேஜ் பாருங்க. பிளேட் ஓரத்துல தொட்டா போதும், ஆனா ரெண்டு முனையையும் சேர்த்து ஷார்ட் பண்ணிடாதீங்க.

எட்டாவதுபிளேட்
பாத்துட்டேன். ஓரத்து ரெண்டு செல் 2.08, அடுத்து 2.0, அப்புறம் 1.9, நட்ட நடு செல் 1.85. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டும் ஒரே மாதிரி.

குமிழி
அச்சு அசலா பைபாஸ் கரண்ட். எப்பவும் நடு செல்லுக்குத்தான் கம்மி கரண்ட் கிடைக்கும், ஓரத்து செல் முழுசா வாங்கும், ஏன்னா ஓரத்துல இருந்துதான் ஓட்டைக்குள்ள கரண்ட் நுழையுது வெளிய வருது.

வழி: புது பிளேட் வெட்டும்போது கீழ் ஓட்டைய 4 அல்லது 5 மிமீ ஆக்குங்க, ஒரு பிளேட்ல இடது மூலை அடுத்த பிளேட்ல வலது மூலைன்னு மாத்தி மாத்தி போடுங்க. அப்ப ஓட்டைக்கு ஓட்டை கரண்ட் போற பாதை நீளமாயிடும், குறுகலா இருக்குறதால ரெசிஸ்டன்ஸும் ஏறும். கீழ தேவைப்படுறது கொஞ்சூண்டு தண்ணிதான். கணக்கு போட்டா உங்க 7 செல்லும் சேர்ந்து மணிக்கு 24 மில்லி கூட சாப்பிடாது.

மேல் ஓட்டை 8லருந்து 10 இருக்கட்டும், அங்க நுரை போகணும். நுரைல பாதி கேஸ், அது கரண்ட்ட அவ்ளோ கடத்தாது. ஆனா மேலயும் மாத்தி மாத்தி போடுறதுல தப்பில்ல.

ஸ்டெயின்லெஸ்
மேல் ஓட்டைய மாத்தி மாத்தி போடுறதுக்கு நான் எதிர்ப்பு. கேஸ் ஒரு செல்லுல இருந்து அடுத்த செல்லுக்கு இடமிருந்து வலம் போய்தான் வெளிய வரணும்னா கடைசி செல்லுல எல்லா செல்லோட கேஸும் சேர்ந்து பாயும், அங்க பிளேட் மேல் பாகம் காயும். மேல நேர் ஓட்டை, பெருசா, ரெண்டு எண்ட் பிளேட்லயும் வெளிய நாசில், ரெண்டும் ஒரு டீல (மூணு வழி ஜாயிண்ட்) சேர்ந்து டேங்குக்கு. கீழ மட்டும் மாத்தி போடுங்க.

குமிழி
7 செல்லுக்கு அது பெரிய விஷயம் இல்ல அண்ணா, 20 செல் 30 செல் ஸ்டாக்னா நீங்க சொல்றது சரி.

ஸ்டெயின்லெஸ்
இருக்கலாம். ஆனா ரெண்டு பக்க நாசில் செலவு ஒண்ணும் பெருசில்லையே, போட்டுட்டு போகட்டும்.

எட்டாவதுபிளேட்
கீழ் ஓட்டை ஏற்கனவே 10 மிமீ போட்டுட்டேனே, பிளேட் எல்லாம் வேஸ்ட்டா?

குமிழி
இல்ல இல்ல. ஒண்ணு விட்டு ஒண்ணு பிளேட்ட தலைகீழா இல்லாம இடவலமா திருப்பி மாட்ட முடியுதான்னு பாருங்க, ஓட்டை நட்டநடுல இல்லாம மூலைல இருந்தா திருப்புனாலே மாறிடும். சைஸ குறைக்க 10 மிமீ ஓட்டைல பாலிப்ரொப்பிலீன் இல்ல பிடிஎஃப்இ (டெஃப்லான்) புஷ், அதாவது அடைப்பு மாதிரி ஒரு துண்டு, ஒண்ணு அடிச்சு நடுவுல 4 மிமீ துளை போடலாம். ஒட்டுறதுக்கு எம்சீல் மாதிரி எபாக்சி எல்லாம் வேணாம், சூடான காரத்துல அது நாளாவட்டத்துல இளகிடும்.

புதுசுதம்பி
நானும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், டேங்குக்கு குளிர்பான பாட்டில் போதுமா அண்ணா? பித்தளை நாசில் கைல இருக்கு அதையே போடலாமா

கெமிஸ்ட்ரிலேப்
தம்பி ரெண்டும் வேணாம். குளிர்பான பாட்டில் பெட் பிளாஸ்டிக், காரம் அதை மெதுவா அரிச்சு உடைக்கும், ஒரு நாள் தானா விரிசல் விடும். பித்தளைல துத்தநாகம் இருக்கு, காரம் அதை கரைக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) ஃபிட்டிங்கும் அதே காரணத்தால கூடாது. அலுமினியம் பக்கமே போகக் கூடாது, அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடோட சேர்ந்து தானே ஹைட்ரஜன் விட ஆரம்பிச்சிடும், கரண்ட்டே வேணாம்.

போடக்கூடியது: ஹெச்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன், பிடிஎஃப்இ டேப், இபிடிஎம் ரப்பர், 316 ஸ்டெயின்லெஸ் நாசில். பாலிகார்பனேட் உள்ள தெரியுதேன்னு எண்ட் பிளேட்டுக்கு ஆசைப்படுவாங்க, காரத்துல அது வெடிப்பு விடும். விட்டான் ரப்பர் ஓ ரிங் விலை ஜாஸ்தின்னா நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க, எண்ணெய்க்கு அது ராஜா, சூடான காரத்துக்கு இபிடிஎம்தான். சிலிகான் ஹோஸ் வளைக்க சுகமா இருக்கும் ஆனா ஹைட்ரஜன் அதோட சுவர் வழியாவே கசியும்.

கண்ணாடி பாட்டில் பபுளருக்கு வேணவே வேணாம். பின்னாடி நெருப்பு வந்தா துண்டு துண்டா பறக்கும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைட கரைக்கும்போது தண்ணில அதோட செதிலை கொஞ்சம் கொஞ்சமா போடணும், செதில் மேல தண்ணி ஊத்தக் கூடாது, கொதிச்சு தெறிக்கும். கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கோங்க, காரம் கண்ணுல பட்டா ஆசிட்ட விட மோசம், உள்ள இறங்கிக்கிட்டே போகும். உப்புத் தண்ணி ஊத்தலாமான்னு அடுத்து கேப்பீங்க, கூடாது, குளோரின் வரும்.

புதுசுதம்பி
சரிங்க அண்ணா, கேக்க வந்தேன் நீங்களே சொல்லிட்டீங்க 🙏

எட்டாவதுபிளேட்
அப்டேட். குமிழி சொன்ன மாதிரி டேங்க்க மேல ஏத்தி மூடிட்டேன், ரிட்டர்ன் 13 மிமீ, ரெண்டு எண்ட் பிளேட்லயும் நாசில் போட்டு டீல சேர்த்தாச்சு, கீழ் ஓட்டைல பிடிஎஃப்இ புஷ், பிளேட் திருப்பி மாட்டியாச்சு. குபுக் குபுக் சுத்தமா நின்னுடுச்சு, கரண்ட் ஆடவே இல்ல. நடு செல் 1.94, ஓரத்து செல் 2.0. கேஸ் நிமிஷத்துக்கு 0.7 பக்கம் வருது. 

ஆனா ரெண்டு புதுப் பிரச்சனை. ஒண்ணு, நுரை இன்னும் டேங்க்ல பொங்குது, முன்ன விட ஜாஸ்தி. ரெண்டு, ஆஃப் பண்ணிட்டு போயிட்டு காலைல வந்து பாத்தா பபுளர் தண்ணி முழுக்க டேங்குக்கு போயிருக்கு, பபுளர் காலி!

வோல்ட்மீட்டர்
நுரைக்கு ஒரு கேள்வி: லீக் பாக்க சோப்புத் தண்ணி போட்டீங்களா?

எட்டாவதுபிளேட்
ஆமா... பிரிச்சு மாட்டும்போது உள்ளயும் கொஞ்சம் போயிருக்கும்

வோல்ட்மீட்டர்
அதுதான். நல்லா டிஸ்டில்டு வாட்டர்ல பல தடவை அலசி, புது கரைசல் ஊத்துங்க. சோப்பு வெளிய ஜாயிண்ட்ல மட்டும், ஸ்டாக் மூடி இருக்கும்போது, காத்து அழுத்தத்துல பாக்கணும், கேஸ் அழுத்தத்துல இல்ல. சைக்கிள் பம்ப் போதும், 0.2 பார் தாண்ட வேணாம். பிளேட் வெட்டுன எண்ணெய் இருந்தாலும் நுரைக்கும், காரம் எண்ணெயோட சேர்ந்து தானே சோப்பா மாறும்.

டேங்க்ல ரிட்டர்ன் நாசிலுக்கும் கேஸ் வெளிய போற நாசிலுக்கும் முடிஞ்ச வரை தூரம் இருக்கட்டும். கேஸ் நாசிலுக்கு கீழ கொஞ்சம் பிளாஸ்டிக் பாத்திரம் தேய்க்கிற நார் சுருட்டி வச்சா நுரை உடைஞ்சு துளியா கீழ விழும். பாலிப்ரொப்பிலீன் நார் மட்டும், இரும்பு நார் இல்ல.

கெமிஸ்ட்ரிலேப்
காலி பபுளருக்கு நான் வர்றேன். ஓடும்போது டேங்க் 50 டிகிரி இருக்கும்னு வச்சுக்குவோம், அங்க நீராவி அழுத்தம் சுமார் 12 கிலோபாஸ்கல். ராத்திரி 25 டிகிரிக்கு ஆறுனா அது 3 சொச்சம். கேஸும் சுருங்கும், அதுல இன்னொரு 7 கிலோபாஸ்கல் கிட்ட. ரெண்டும் சேர்ந்தா ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு தண்ணி இழுக்குற உறிஞ்சல். பபுளர் தண்ணி போகாம என்ன செய்யும்.

இது வெறும் தொந்தரவு இல்ல, ஆபத்து. காலைல பபுளர் காலின்னு பாக்காம ஆன் பண்ணி டார்ச் பத்த வச்சீங்கன்னா நெருப்ப தடுக்க நடுவுல தண்ணியே இல்ல.

ஸ்டெயின்லெஸ்
டேங்குக்கும் பபுளருக்கும் நடுவுல ஒரு செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வ்) போட்டா முடிஞ்சுது.

குமிழி
செக் வால்வ மட்டும் நம்ப மாட்டேன். கார ஆவி பட்டு பட்டு அதுல உப்பு படியும், தொறந்தபடியே ஒட்டிக்கும், நாம மூடியிருக்குன்னு நினைச்சிட்டு இருப்போம். ஒழுங்கா மூடுனா மூடுனதால இன்னொரு தொல்லை, உறிஞ்சல் டேங்குக்குள்ளயே நின்னு மெல்லிசான டேங்க் அமுங்கும், மூடி ஜாயிண்ட் வழியா காத்து இழுக்கும். நடுவுல ஒரு காலி டப்பா வைக்கலாம், பபுளர் தண்ணி முழுசும் கொள்ளுற அளவு. தண்ணி திரும்பி வந்தாலும் அதுலயே நிக்கும், டேங்குக்கு போகாது.

ஸ்டெயின்லெஸ்
காலி டப்பாங்கிறது ஒரு லிட்டர் வெடிக்கிற கலவைய சும்மா சேர்த்து வைக்கிறதுதானே குமிழி? வெற்றிடத்த எங்க பாத்தாலும் குறைக்கணும்னு நீங்களேதான் முன்ன ஒரு இழைல சொன்னீங்க.

குமிழி
ஒத்துக்குறேன், அதனால பபுளர்ல தண்ணி கம்மியா இருக்கணும், டப்பாவும் அதுக்கு ஏத்த சின்னது. 200 மில்லி போதும்.

கெமிஸ்ட்ரிலேப்
ரெண்டு பேர் சொல்றதும் வச்சுக்கலாம், கூட ஒண்ணு சேருங்க. டேங்க் மூடில ஒரு சின்ன பால் வால்வ், பிளாஸ்டிக். ஆஃப் பண்ணினதும் முதல் வேலை டார்ச் மூடுறது, அப்புறம் அந்த வால்வ தொறந்து விடுறது, காத்து உள்ள வந்து உறிஞ்சல் வராது. வெட்டவெளில, பக்கத்துல நெருப்பு இல்லாம. ஆன் பண்றதுக்கு முன்னாடி பபுளர் மட்டம் பாத்துட்டு வால்வ மூடணும், ஆரம்பத்துல வர்ற கேஸ கொஞ்ச நேரம் வெளிய விட்டு காத்து எல்லாம் போன பிறகுதான் பத்த வைக்கணும்.

பபுளர் மட்டம் பாக்க மறந்தா ஸ்டாக் ஓடாத மாதிரி ஒரு மிதவை ஸ்விட்ச் போட்டு, அது ரிலே காயில மட்டும் கட் பண்ற மாதிரி வைங்க. மெயின் கரண்ட் பொறி கேஸ் பக்கத்துல வரக் கூடாது. ஸ்டாக்ல மாட்டுன கேபிளையும் ஓடும்போது பிடுங்காதீங்க, எப்பவும் சப்ளைல ஆஃப்.

நெறியாளர்
இழை நல்லா போகுது, இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஒரே ஹோஸ்ல ரெண்டு கேஸும் கலந்து வர்ற எந்த அமைப்பையும் சேமிச்சு வைக்கக் கூடாது, பலூன், டியூப், சிலிண்டர் எதுலயும். வர்ற கேஸ் அப்பவே எரியணும், இல்ல வெளிய போகணும். வீட்டுக்குள்ள கூரை அடில ஹைட்ரஜன் தேங்கும், காத்துல 4லருந்து 75 சதவீதம் வரைக்கும் எப்ப வேணா பத்தும். பபுளர் மூடி திருகு மூடியா இல்லாம அழுத்தி வைக்கிற மூடியா இருக்கட்டும், நெருப்பு திரும்புனா அது பறந்து போகணும், பாட்டில் உடையக் கூடாது. மூடி பறக்குற திசைல முகத்தை வச்சுக்கிட்டு எட்டிப் பாக்காதீங்க. சேஃப்டி வால்வ் போட்டா போதும்னு நினைக்காதீங்க, பைப் அடைச்சு மெதுவா அழுத்தம் ஏறுனா அது காப்பாத்தும், வெடிப்பு வேகத்துக்கு அது தொறக்கவே நேரம் இருக்காது.

எட்டாவதுபிளேட்
வெல்டிங் கடைல விக்கிற ஃபிளாஷ்பேக் அரஸ்டர் (நெருப்பு திரும்பி வராம தடுக்குறது) டார்ச் பக்கத்துல போடலாமா? அப்ப பபுளர் ஒண்ணு போதுமா

ஸ்டெயின்லெஸ்
அது சிலிண்டர்ல இருந்து தனித்தனியா கேஸ் வர்ற வேலைக்கு செஞ்சது. உங்க ஹோஸ்ல ஏற்கனவே சரியான விகிதத்துல கலந்தே வருது, அந்தக் கலவைல வெடிப்பு அலை நொடிக்கு 2800 மீட்டர் கிட்ட ஓடும். ஹைட்ரஜன் ஆக்சிஜன் கலவைக்குன்னே சொல்லி வித்தா போடுங்க, ஆனா கார ஆவி அந்த பொடி உலோக ஃபில்டர்ல படிஞ்சு அடைக்கும். பபுளர் ரெண்டு வைங்க, ஒண்ணு டேங்க் பக்கத்துல, அது கார ஆவியையும் கழுவிடும், ரெண்டாவது டார்ச்சுக்கு எவ்ளோ பக்கத்துல முடியுமோ அவ்ளோ பக்கத்துல. ரெண்டாவதுக்கும் டார்ச்சுக்கும் நடுவுல இருக்குற ஹோஸ் நீளம்தான் நெருப்பு திரும்புனா வெடிக்கிற அளவு. முதல் பபுளர் தண்ணிய அப்பப்ப லிட்மஸ் பேப்பர்ல பாத்து மாத்துங்க.

ஆர்வக்கோளாறு
நடுவுல வந்து குழப்புறதுக்கு மன்னிக்கணும், ரெண்டு கேஸையும் தனித்தனியாவே எடுத்துட்டா இந்த பயமே இல்லையே? நடுவுல ஒரு துணி மாதிரி ஏதோ வைப்பாங்களே

கெமிஸ்ட்ரிலேப்
நல்ல கேள்விதான், ஆனா பைப்பிங் இரட்டிப்பு ஆகாது, நாலு மடங்கு தலைவலி ஆகும்.

ஒவ்வொரு செல்லுலயும் நடுவுல நீங்க சொன்ன அந்த துணி, டயாஃப்ரம், ஒண்ணு வரும், அதனால மைனஸ் பக்கம் ஒரு அறை பிளஸ் பக்கம் ஒரு அறை. மேல ரெண்டு ஓட்டை, ஒண்ணு எல்லா ஹைட்ரஜன் அறையையும் சேர்க்கும், இன்னொண்ணு எல்லா ஆக்சிஜன் அறையையும். கீழயும் ரெண்டு. டேங்க் ரெண்டு. கேஸ்கெட் ஒவ்வொண்ணுலயும் எந்த ஓட்டை தொறந்திருக்கணும் எது மூடியிருக்கணும்னு மாறி மாறி வெட்டணும், ஒண்ணு மாறிப் போச்சுன்னா கலந்துடும்.

அதுக்கு மேல அழுத்தம். ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்கணும், ஹைட்ரஜன் பபுளர் 8 செமீ ஆக்சிஜன் பபுளர் 3 செமீன்னு இருந்தா அந்த 5 செமீ வித்தியாசம் டயாஃப்ரம் மேலதான் நிக்கும், ஈரத் துணியோட நுண் துளை வழியா கேஸ் தள்ளப்படும். ஹைட்ரஜன் ரெட்டை அளவு வர்றதால அதே சைஸ் ஹோஸ் போட்டா அந்தப் பக்கம் தானாவே அழுத்தம் ஏறும். அதனால ஹைட்ரஜன் பக்கம் பெரிய ஹோஸ், ரெண்டு பபுளரும் ஒரே ஆழம், ரெண்டு டேங்க் மட்டமும் அடில ஒரு குழாயால இணைஞ்சு சமமா.

அந்த அடிக்குழாய் வேற ஒரு காரணத்துக்கும் தேவை. மைனஸ் பக்கம் தண்ணி செலவாகும், பிளஸ் பக்கம் தண்ணி உண்டாகும், விட்டுட்டா ஒரு பக்கம் கரைசல் கெட்டியாகும் ஒரு பக்கம் நீர்த்துப் போகும். கலந்து விட்டா அது சரியாகும், ஆனா கரைஞ்ச கேஸ் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். ஃபேக்டரி எலக்ட்ரோலைசர்லயே இதுக்கு சென்சார் வச்சு ஆக்சிஜன்ல ஹைட்ரஜன் 2 சதவீதம் வந்தாலே நிறுத்திடுவாங்க, 4 தாண்டுனா பத்தும்ங்கிறதால. கரண்ட்ட குறைச்சு ஓட்டுனா இது மோசமாகும், ஏன்னா ஆக்சிஜன் வர்றது குறையுது கசியுறது குறையல. சென்சார் இல்லாம வீட்ல "தனித்தனியா எடுத்துட்டேன், இனி சேமிச்சு வைக்கலாம்"னு நம்புறதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. கலந்து வருதுன்னு தெரிஞ்சவன் ஜாக்கிரதையா இருப்பான்.

ஆர்வக்கோளாறு
புரிஞ்சுது, துணி ஆசைய மூட்டை கட்டி வச்சாச்சு

எட்டாவதுபிளேட்
அலசி புது கரைசல் ஊத்திட்டேன், நுரை விரல் அளவுக்கு மேல ஏறல. பால் வால்வ் போட்டாச்சு, காலி டப்பா 200 மில்லி, பபுளர் ரெண்டு. காலைல பாத்தா பபுளர்ல தண்ணி அப்படியே இருக்கு. கடைசியா ஒரு சந்தேகம், ஓட ஓட கரண்ட் லிமிட்ட முட்டிக்கிட்டே இருக்கு, லிமிட் எடுத்துட்டா 15க்கு மேல போகுது, சூடு ஏற ஏற. கரைசல நீர்க்க விடணுமா?

வோல்ட்மீட்டர்
லிமிட்ட எடுக்காதீங்க, அது நல்ல வேலைதான் செய்யுது. சூடானா கரைசல் நல்லா கடத்தும், கரண்ட் ஏறும், அதனால இன்னும் சூடாகும், இப்படியே ஓடும். 13.8 வோல்ட் 10 ஆம்பியர்னா 138 வாட் உள்ள போகுது, தண்ணிய பிரிக்க தேவைப்படுற செல்லுக்கு 1.48 வோல்ட் கணக்குல 104 வாட் கிட்ட கேஸா மாறுது, மிச்சம் 34 வாட் சூடு. அவ்ளோ சூட்ட உங்க டேங்க் ஆத்திடும். 15 ஆம்பியர்ல அது தாங்காது. சூடான நிலைல 10 ஆம்பியர் எடுக்குற அளவுக்கு கரைசல கொஞ்சம் நீர்க்க விடுங்க. அப்புறம் மட்டம் இறங்குனா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, செலவாகுறது தண்ணிதான், காரம் உள்ளயே இருக்கு.

எட்டாவதுபிளேட்
சரி ப்ரோ. வாரக்கணக்குல ஓட்டாம வச்சா கரைசல் உள்ளயே இருக்கலாமா?

கெமிஸ்ட்ரிலேப்
வால்வ் தொறந்தே வச்சா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்து கார்பனேட்டா மாறும், கடத்துறது குறையும், 4 மிமீ ஓட்டைல வெள்ளையா படியும். நல்லா ஆறுனதும் வால்வ மூடிடுங்க. மாசக்கணக்குன்னா ஹெச்டிபிஇ கேன்ல வடிச்சு மூடி, பேர் எழுதி, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. ஸ்டாக்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி அலசிட்டு காய விடுங்க. திரும்ப மாட்டும்போது போல்ட்ட குறுக்கு குறுக்கா இறுக்குங்க, முதல் தடவை தண்ணி மட்டும் ஊத்தி லீக் பாத்துட்டு அப்புறம் கரைசல்.